ஆனைமலைக் கொக்கோவும் நோன்பும்

பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளின் நிழலில் கொக்கோ ஊடுபயிராக வளர்கிறது. 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் நட்டுப் பார்த்த மரம் இது. காயை உடைத்து, சதை ஒட்டிய விதைகளைப் பெட்டிகளில் ஐந்தாறு நாள் புளிக்கவிட்டு வெயிலில் உலர்த்துகின்றனர். “புளிக்கையில் மது உண்டாகிறதே, சாக்லேட் ஹலால்தானா உஸ்தாத்?” என ஓதவரும் பிள்ளைகள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. அங்கு உண்டாகும் மதுவின் பெரும்பகுதி பெட்டியிலேயே காடியாக மாறுகிறது. எஞ்சியது உலர்த்துகையிலும் வறுக்கையிலும் ஆவியாகிறது. தானாகவே காடியாக மாறிய மது தூயது என்பது பிக்ஹு நூல்கள் கூறும் சட்டம்.

இதனினும் பழைய வழக்கொன்று உண்டு. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் மிளகாய் கலந்து கசப்பாகப் பருகியதை, ஸ்பானியர் சர்க்கரையிட்டு இனிப்பாக்கினர். அதைப் பருகினால் நோன்பு முறியுமா எனக் கத்தோலிக்க அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். முறியாது, அது பானமே என்று கார்டினல் பிரான்காச்சியோவின் நூல் 1664இல் வாதாடியது. நமக்கோ ஒரு மிடறு தண்ணீரே நோன்பை முறித்துவிடும்! மக்காவில் 1511இல் காப்பி விசாரிக்கப்பட்டது வேறு காரணத்திற்காக: அது போதை தருமா என்பதே அங்கு வினா.

1847இல் பிரிஸ்டலின் ஃபிரை நிறுவனத்தார் அதைக் கட்டியாக வார்த்தனர். 1875இல் சுவிட்சர்லாந்தின் டேனியல் பீட்டர் பால் சேர்த்தார். மெக்சிகோவில் இன்றும் இலவங்கப்பட்டை மணக்கும் பானமாகவே பலர் அருந்துகின்றனர். ஐரோப்பாவில் பிராந்தியும் ரம்மும் உள்ளே நிரப்பிய சாக்லேட் விருந்துப் பொருள். நாம் கவலைப்பட வேண்டியது ஆனைமலைப் பெட்டியைப் பற்றியன்று, இதைப் பற்றித்தான். ஊட்டிக் கடைகளின் ‘ரம் அண்ட் ரெய்சின்’ வகையில் கலந்திருப்பது வெறும் வாசனைச் சாறா, மெய்யான ரம்மா என்று கேட்காமல் நான் வாங்குவதில்லை.