பாதுகாப்புக் கருவியை ஆளியாக்கலாமா? இறக்கக்கண்டி–நிலாவெளிக் கரையோர ஹோட்டல்களின் விளக்குச் சுற்றுகள் குறித்து

வணிகக் கட்டடங்களின் விளக்குகளை ஏற்றவும் அணைக்கவும் தனி ஆளிகள் எதற்கு, விநியோகப் பெட்டியில் உள்ள சுற்றுடைப்பானுக்கே கணினி கட்டளையிடட்டும் என்ற எண்ணம் வட அமெரிக்காவில் விளைந்தது. ஸ்குவேர் டி நிறுவனத்தின் பவர்லிங்க் அதில் நன்கு அறியப்பட்ட பெயர். அங்கே அதற்கு நியாயம் இருந்தது. அலுவலக மாடி முழுவதும் ஒருசில சுற்றுகளில் எரியும். மாலையில் ஊழியர்கள் போன பின்னும் எரிந்துகொண்டே இருக்கும். கட்டடங்களின் மின்சக்திப் பயன்பாட்டுக்கான அமெரிக்கத் தரநிலையான ஆஷ்ரே 90.1, அதன் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், 5,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் விளக்குகள் தாமாக அணைய வேண்டும் என்று விதித்தது. பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் கருவியைக் கொண்டே அந்த விதியை நிறைவேற்றுவது பலருக்கும் மலிவான வழியாகப் பட்டது.

இந்த ஏற்பாடு இப்போது 'ஸ்மார்ட் பிரேக்கர்' என்ற பெயரில் கைப்பேசிச் செயலியுடன் சந்தைக்கு வருகிறது. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளியைத் தாண்டி இறக்கக்கண்டிக் களப்பு கடலோடு சேரும் கரையோரத்தில் உள்ள விடுதிகளுக்கு இது பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. விளக்குகளுக்கு வலையமைப்புக் கட்டுப்பாடு இங்கே ஓரளவு பயன் தரும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டைச் சுற்றுடைப்பானின் தலையில் கட்டுவது தவறு என்பது என் வாதம்.

முதலில் கட்டணத்தைப் பார்ப்போம். பெரிய ஹோட்டல்களுக்கு மின்கட்டணம் நேரவாரியாக அறவிடப்படுகிறது: பகல் 5.30 முதல் 18.30 வரை, உச்சநேரம் 18.30 முதல் 22.30 வரை, மீதி நேரம் இரவுக் கட்டணம். அலகுக் கட்டணத்தோடு, மாதத்தின் அதிகூடிய கேவிஏ தேவைக்கும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். 42 கேவிஏக்கு உட்பட்ட சிறு விடுதிகளுக்குப் பொதுவாக இந்த நேரப் பாகுபாடு இல்லை. ஆகவே உச்சநேர இலாபத்தைக் காட்டி விற்கப்படும் கருவி, இக்கரையோரத்துச் சிறு விடுதிக்காரருக்கு ஒரு சதமும் மிச்சப்படுத்தாது.

பெரிய ஹோட்டலிலும் கணக்கு அவ்வளவு எளிதல்ல. உச்சநேரமான நான்கு மணித்தியாலமும் விருந்தினர் இரவு உணவுக்கு அமரும் நேரம். மண்டபத்தையும் கடற்கரை மேசைகளையும் இருட்டாக்கிவிட்டுச் சேமிப்பைப் பற்றிப் பேச முடியாது. எல்இடி வந்தபின் விளக்கு, ஹோட்டல் மின்பட்டியலின் சிறிய பங்குதான். குளிரூட்டிகளும் சுடுநீர்க் கொதிகலன்களும் நீர்ப்பம்பிகளும் அதை எங்கோ பின்தள்ளிவிட்டன. அணைக்கக்கூடியவை ஆளில்லாத கட்டடத் தொகுதியின் நடைகள், களஞ்சியம், பெயர்ப்பலகை, தோட்டத்தின் பின்பகுதி போன்றவையே. ஆனால் கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு அடங்கிவிடுகிறது. வடகீழ்ப் பருவமழை மாதங்களில் பாதி அறைகள் பூட்டிக் கிடக்க, நடைவிளக்குகள் பழக்கத்தால் எரிகின்றன. தொகுதி தொகுதியாக விளக்கைக் கட்டுப்படுத்துவதன் உண்மையான பயன் இந்த மாதங்களில்தான் இருக்கிறது.

இனிக் கருவிக்கு வருவோம். எம்சிபி என்று நாம் சொல்லும் சிறு சுற்றுடைப்பான் ஒரு பாதுகாப்புக் கருவி. மிகை மின்னோட்டம் நீடித்தால் உள்ளே ஈருலோகப் பட்டை வளைந்து விடுவிக்கும்; குறுக்குச்சுற்று ஏற்பட்டால் மின்காந்தச் சுருள் உடனே தட்டிவிடும். அதைப் பெரும்பாலும் அசையாமல் இருக்கவே வடிவமைத்திருக்கிறார்கள். ஐஇசி 60898 தரநிலை அதனிடம் எதிர்பார்க்கும் ஆயுள் 4,000 இயக்கங்கள். நாளுக்கு ஒரு தடவை ஏற்றி அணைத்தால் ஏறத்தாழ 11 ஆண்டுகள். ஆளில்லாதபோது அணை, ஆள் வந்தால் ஏற்று என்று நாளுக்கு நான்கு தடவை இயக்கினால் மூன்று ஆண்டுகள்கூட ஆகாது. அமெரிக்க நடைமுறையில், ஒளிர்குழாய் விளக்குகளுக்கு ஆளியாகப் பயன்படும் சுற்றுடைப்பானுக்கு 'எஸ்டபிள்யூடி' என்ற தனிக் குறி வேண்டும். அதற்கெனச் சோதனையும் உண்டு. பவர்லிங்க் போன்ற ஏற்பாடுகள் அந்த மரபில் வளர்ந்தவை. பிரித்தானிய வயரிங் விதிகளையும் ஐஇசி தரநிலைகளையும் பின்பற்றும் நமது பெட்டியில் இருப்பது வேறு வகைக் கருவி. அதன் பக்கத்தில் சிறு மோட்டாரைப் பொருத்திவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

எல்இடியும் இங்கே ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு எல்இடி விளக்கின் மின்வழங்கியிலும் ஒரு கொள்ளளவி இருக்கிறது. மின் வரும் கணத்தில் அது வெறும் வயிறோடு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரே சுற்றில் நாற்பது விளக்குகள் இருந்தால், வழமையான ஓட்டம் இரண்டு மூன்று அம்பியரே ஆனாலும், அந்தக் கணநேர உந்தலில் பி வகை எம்சிபி விழுந்துவிடலாம். பிழை எதுவும் இல்லாமலே விழும் சுற்றுடைப்பானை ஊழியர் நாளடைவில் நம்பாமல் விடுவர். அதுவே பெரிய ஆபத்து.

என் வாதத்தின் நடுப்புள்ளியும் இந்த நம்பிக்கைதான். நெம்புகோல் கீழே விழுந்திருந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள். அட்டவணைப்படி கணினியும் அதே நெம்புகோலை இறக்கினால் ஒரே அடையாளத்துக்கு இரண்டு பொருள் வந்துவிடுகிறது. இக்கரையோரத் தோட்டவிளக்கை எடுத்துக்கொள்வோம். உப்புக்காற்று விளக்குறையின் திருகாணியை அரித்து, இறப்பர் வளையத்தை இறுக வைத்து, முனைகளில் பச்சை படியச் செய்கிறது. ஐப்பசி மழையில் உள்ளே நீர் இறங்கி மின்கசிவு தொடங்குகிறது. 30 மில்லியம்பியர் கசிவுக்குள், கசிவைக் கண்டு துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. விழத்தான் வேண்டும், ஏனென்றால் அந்தப் புல்வெளியில் வெறுங்காலோடு நடக்கிறார்கள். 'விளக்கு ஏன் எரியவில்லை' என்று கொழும்பில் இருந்தபடி கைப்பேசியில் மீள ஏற்றும் முகாமையாளருக்கு அந்த நீர் தெரியாது. மீளேற்றுமுன் காப்புத் தடையை அளந்து பார்க்கும் கருவிகளும் உண்டு. மலிவான செயலிப் பிரேக்கரில் அந்த வசதியை எதிர்பார்க்க முடியாது.

மின்தடை வரும்போது வலையமைப்புதான் கைகொடுக்கும் என்பது விற்பனையாளர்களின் மறுவாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. தெருவிளக்குகளையும் அணைக்கப் பணிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 ஞாயிறு முற்பகலில் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று பிறப்பாக்கிகளும் நின்றதால் அடுத்த நாட்களிலும் மின்வெட்டு தொடர்ந்தது. மின் திரும்பும்போது எல்லாச் சுமையும் ஒன்றாக எழாமல் சுற்றுச் சுற்றாக ஏற்றினால் ஜெனரேட்டருக்கும் நல்லது, மாதத்தின் கேவிஏ கணக்குக்கும் நல்லது. ஆனால் நீண்ட மின்வெட்டில் தொலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் தீரும். வெளிநாட்டுச் சேவையகத்தின் கட்டளைக்காகக் காத்திருக்கும் பெட்டி, தேவைப்படும் வேளையில்தான் ஊமையாகும். வரிசையாக ஏற்றும் வேலைக்கு இணையம் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு நேரங்காட்டியும் சிறு கட்டுப்படுத்தியும் போதும்.

அதே 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் தேவை விழும் என்று அஞ்சிய இலங்கை மின்சார சபை, கூரைச் சூரியமின் உரிமையாளர்களிடம் 13 முதல் 21 வரை பிற்பகல் 3 மணிவரை இணைப்பை அணைத்து உதவும்படி கேட்டது. கட்டடங்களுக்குள் சபைக்குக் கை இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இருந்தும் அந்தக் கையை முதலில் நீட்ட வேண்டிய இடம் விளக்கு அல்ல. நண்பகலில் மிஞ்சும் மின்னை உறிஞ்ச வல்லவை கொதிகலனும் பம்பியும் மின்கல அடுக்கும்தான். சம்பூரில் 120 மெகாவாட் சூரியமின் நிலையம் அமையவிருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகும்.

தொலைவிலிருந்து திறக்கக்கூடிய எதையும் பிறரும் திறக்கலாம். 2015 டிசம்பர் 23இல் உக்ரைனின் மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் உபநிலையச் சுற்றுடைப்பான்களைத் திறந்தபோது, ஏறத்தாழ 2,25,000 நுகர்வோர் மின் இழந்தனர். சில மணித்தியாலத்தில் மீட்டது, நேரில் சென்று கையால் மூடிய ஊழியர்கள். ஹோட்டல் விளக்கு அத்தனை பெரிய இலக்கல்லதான். ஆனால் விருந்தினர் வைஃபையும் விநியோகப் பெட்டியும் ஒரே வலையமைப்பில் இருந்தால் புகுவதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை.

ஆகவே 42 கேவிஏக்குக் குறைந்த விடுதிக்கு இந்தச் செலவு வேண்டாம். ஒரு நேரங்காட்டி ஆளி போதும். அதற்கு மேற்பட்ட ஹோட்டல்களில் எம்சிபியும் ட்ரிப் சுவிட்சும் காவலாக மட்டும் இருக்கட்டும். அவற்றுக்குப் பின்னால் ஏற்றி அணைப்பதற்கென்றே செய்யப்பட்ட கொன்டாக்டர் எனும் மின்காந்த ஆளியைத் தனியே பொருத்தி, அதற்கு மட்டும் வலையமைப்புக் கட்டளை போகட்டும். அதன் சுருள் தின்னும் சில வாட் மின் இந்தப் பிரிவினைக்குக் கொடுக்கும் விலை, அதிகம் அல்ல. அவசர வெளியேற்ற விளக்குகளை எந்தக் கட்டளையும் தொடக்கூடாது. வெளிப்புறச் சுற்று விழுந்தால், மின்னியலாளர் நேரில் பார்த்துக் கையாலேயே அதை மீள ஏற்ற வேண்டும்.

இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் நிலைபெறுதகு வலு அதிகாரசபையும் செயலிப் பிரேக்கர்களுக்கு விதி வகுக்கும்போது, தொலைவிலிருந்து மீளேற்றுவதைக் கரையோர வெளிப்புறச் சுற்றுகளில் முதலில் தடைசெய்ய வேண்டும்.