பாபநாசம் சிவன்

பாபநாசம் சிவன் (செப்டம்பர் 26, 1890 – அக்டோபர் 1, 1973) கருநாடக இசைப் பாடலாசிரியரும் பாடகரும் இசை ஆசிரியரும் ஆவார். தமிழிலும் வடமொழியிலும் கீர்த்தனைகள் இயற்றினார். தமிழ்த் திரைப்படங்களுக்குப் பாடல் எழுதி இசையமைத்ததுடன் சில படங்களில் நடித்தும் உள்ளார். இவரைத் 'தமிழ்த் தியாகையர்' என்று போற்றுவர்.

இளமை

தஞ்சை மாவட்டத்தில் (இன்றைய நாகப்பட்டினம் மாவட்டம்) உள்ள போலகம் என்னும் ஊரில் இராமாமிருத ஐயர், யோகாம்பாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார். இயற்பெயர் இராமசர்மன், இராமையா என்றும் அழைக்கப்பட்டார். 1897 இல் தந்தை காலமானார். 1899 இல் தாயாருடன் திருவனந்தபுரம் சென்றார். அங்கு வடமொழி இலக்கணம் பயின்று தேர்ச்சி பெற்றார். நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் இசையின் அடிப்படைகளைக் கற்றார்.

நீலகண்ட சிவனின் தாக்கம்

திருவனந்தபுரத்தில் இவரைப் பெரிதும் கவர்ந்தவை நீலகண்ட சிவனின் (1839–1900) பாடல்கள். நீலகண்ட சிவன் நாஞ்சில் நாட்டில் நாகர்கோவிலை ஒட்டிய வடிவீசுவரத்தைச் சேர்ந்தவர். அக்காலத்தில் நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் அரசின் பகுதியாக இருந்தது. 1956 இல் தான் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தது. நீலகண்ட சிவன் மறைந்தபோது இராமையாவுக்கு ஏறத்தாழ பத்து வயது. எனினும் எளிய தமிழில் இறைவனை நேரில் விளித்துப் பாடும் அந்தப் பசனை மரபு இவருடைய கீர்த்தனைகளிலும் தொடர்ந்தது.

பெயர்க் காரணம்

1910 இல் தாயார் மறைந்தபின் கோயில் கோயிலாகச் சென்று பாடிவந்தார். தமையனார் வாழ்ந்த பாபநாசத்தில் தங்கியிருந்தபோது, உடலெங்கும் திருநீறு பூசிப் பாடிய இவரை மக்கள் 'பாபநாசம் சிவன்' என அழைக்கலாயினர். இவ்வூர் கும்பகோணத்திற்கு அருகில் உள்ளது. தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசம் வேறு. இவரது பாடல்களில் காணப்படும் முத்திரை 'இராமதாசன்' என்பதாகும்.

இசைப்பணி

கோனேரிராசபுரம் வைத்தியநாத ஐயரின் (1878–1921) இசையைப் பல ஆண்டுகள் உடனிருந்து கேட்டுத் தம் இசையறிவை வளர்த்துக்கொண்டார். இவரது முதல் கீர்த்தனை திருவாரூர்த் தியாகராசப் பெருமான் மீது குந்தலவராளி இராகத்தில் அமைந்தது. பின்னர் சென்னையில் குடியேறினார். மார்கழி விடியற்காலைகளில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் மாட வீதிகளில் இவர் நடத்திய பசனை புகழ்பெற்றது.

அக்காலக் கச்சேரிகளில் தெலுங்கு, வடமொழிப் பாடல்களே முதன்மை பெற்றன. தமிழ்ப் பாடல்கள் பெரும்பாலும் இறுதியில் பாடப்படும் துக்கடாக்களாகவே இருந்தன. விரிவாகப் பாடத்தக்க தமிழ்ப் பாடல்கள் போதிய அளவில் இல்லை என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1940களில் வலுப்பெற்ற தமிழிசை இயக்கம் இந்நிலையை எதிர்த்தது. சிவன் இயற்றிய கீர்த்தனைகள் அந்தக் குறையை நிரப்ப உதவின. ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றுக்கு இடம் தரும் வகையில் அவை அமைந்திருந்தன. முருகன் மீதான வராளி இராகக் கீர்த்தனை 'கா வா வா' இதற்குச் சான்று. இவருடைய சீரஞ்சனி இராகப் பதவர்ணம் பரதநாட்டிய மேடைகளில் ஆடப்படுகிறது.

ஆசிரியர்

1930களில் உருக்மிணி தேவி அருண்டேலின் கலாசேத்திராவில் இசை ஆசிரியராகப் பணியாற்றினார். பாடகரும் ஓவியருமான எசு. இராசம் இவரிடம் பயின்றவர். டி. கே. பட்டம்மாள் இவருடைய பாடல்களை இவரிடமே கற்று மேடைகளில் பரப்பினார். சொல்லும் மெட்டும் ஒருவரே ஆக்கியவை என்பதால், மாணவர்கள் பாடலின் பொருளையும் இராக பாவத்தையும் ஒருசேரக் கற்க முடிந்தது.

திரைப்படங்கள்

1934 இல் வெளிவந்த சீதா கல்யாணம் படத்தின் மூலம் திரையுலகில் நுழைந்தார். அதில் இராமராக நடித்தவர் மாணவர் இராசமே. கே. சுப்பிரமணியம் இயக்கிய தியாகபூமி (1939) படத்தில் சம்பு சாத்திரியாக நடித்தார். விடுதலைப் போராட்டக் கருத்துகளுக்காக அப்படம் ஆங்கிலேய அரசால் தடை செய்யப்பட்டது. எம். கே. தியாகராச பாகவதர் நடித்த அசோக் குமார் (1941), சிவகவி (1943), அரிதாசு (1944) ஆகிய படங்களின் பாடல்களை இவர் எழுதினார். கச்சேரிக்குச் செல்ல வாய்ப்பில்லாத மக்களிடமும் இராக இசையை இப்பாடல்கள் கொண்டு சேர்த்தன.

நூல்கள்

இவருடைய கீர்த்தனைகள் 'கீர்த்தன மாலை' என்னும் பெயரில் தொகுதிகளாக வெளிவந்துள்ளன. பிற்காலத் தொகுதிகளை வெளிக்கொணர்வதில் மகள் உருக்மிணி இரமணி பெரும்பங்காற்றினார். வடமொழிச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியையும் சிவன் உருவாக்கினார்.

விருதுகள்

சங்கீத கலாநிதி – சென்னை மியூசிக் அகாதெமி, 1971
பத்ம பூசண் – இந்திய அரசு, 1972