திருச்சி–தஞ்சாவூர் ஏரியாவுக்கு வராத படங்கள்

தமிழ்த் திரைப்பட வணிகம் மாநிலத்தை இன்றும் பழைய மாவட்டக் கணக்கில்தான் பிரித்து வைத்திருக்கிறது. வட ஆற்காடு–தென் ஆற்காடு, மதுரை–ராமநாதபுரம், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று ஏரியாக்கள். பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் 2001-இல் தனி மாவட்டமாகி, மறு ஆண்டே பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007-இல் மீண்டும் தனித்தது. விநியோகஸ்தர்களுக்கு இரண்டும் திருச்சி–தஞ்சாவூர் ஏரியாவின் பகுதிகள்தாம். ஏரியா உரிமையை வாங்குபவர் எதற்கு விலை கொடுக்கிறாரோ, பெரும்பாலும் அதுவே இங்குள்ள திரைகளுக்கு வருகிறது. அப்படி வராமல் போகும் மாற்று சினிமாவின் வரலாற்றை நாம் இயக்குநர்களின் வரிசையாகவே எழுதிப் பழகிவிட்டோம். அதை இந்த ஊர்களிலிருந்து பார்த்தால், படம் எடுப்பதில் கிடைத்த வெற்றிகளும் காட்டுவதில் நேர்ந்த தோல்விகளும் அருகருகே தெரிகின்றன.

தேசப் பிரிவினையின் அகதிகளைப் பற்றி ‘சின்னமூல்’ (1950) என்ற வங்கப் படத்தை எடுத்த நிமாய் கோஷ், சென்னைக்கு வந்து 1960-இல் ‘பாதை தெரியுது பார்’ படத்தை இயக்கினார். இடதுசாரி நண்பர்கள் பணம் போட்ட படம், இசை எம்.பி.சீனிவாசன். நடுவணரசின் நற்சான்றிதழ் கிடைத்தது, அரங்கம் கைகொடுக்கவில்லை. 1965-இல் ஜெயகாந்தன் தம் நாவலைத் தாமே ‘உன்னைப்போல் ஒருவன்’ என்று படமாக்கியபோதும் விருது வந்தது, திரையரங்கில் நிலைக்க முடியவில்லை. தமிழில் இந்த வகைப் படங்களின் தலையெழுத்து அப்போதே எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

எழுபதுகளின் இறுதியில் முயற்சிகள் கூடின. ஜெயபாரதி பலரிடம் நிதி திரட்டி ‘குடிசை’யை (1979) எடுத்தார். அதற்கு முன்பே, 1977-இல், வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுத, ஜான் ஆபிரகாம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’யை இயக்கியிருந்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற அந்தப் படத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஒளிபரப்பத் தீர்மானித்த தூர்தர்ஷன், எதிர்ப்புக்குப் பணிந்து கைவிட்டது.

ஜான் அதற்குப் பின் செய்ததுதான் இந்த வரலாற்றின் திருப்பம். கேரளத்தில் 1984-இல் ‘ஒடேசா’ என்ற கூட்டமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். ஊர் ஊராகச் சென்று சாப்ளினின் ‘தி கிட்’ படத்தைத் திரையிட்டார்கள். பார்த்தவர்கள் கொடுத்த பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) உருவானது. விநியோகஸ்தரை நம்பாமல், படம் எடுக்கும் முன்பே அதற்கான பார்வையாளர்களைத் திரட்டிக்கொண்டார்கள். தென்னிந்தியாவில் இதற்கு இணையான துணிச்சலை நான் அறியேன். மறு ஆண்டே ஜான் இறந்துபோனது பெரிய இழப்பு.

தமிழகத்தில் அந்த உணர்வு ஆவணப்படக்காரர்களிடம் உயிர்பெற்றது. வீடியோ கேமரா மலிவானதும் சென்னைக்கு வெளியே படங்கள் பிறந்தன. மதுரையில் ஆர்.பி.அமுதன் 1998 முதல் ஆவணப்பட, குறும்பட விழாவை நடத்திவருகிறார். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) திரையிடல்களைக் காவல்துறை தடுத்தது. படம் யூடியூபில் ஏறியது. பெரம்பலூரில் இருப்பவரும் சென்னைவாசியும் ஒரே நாளில் பார்க்க முடிந்தது.

இன்னொரு வழி வெளிநாட்டில் திறந்தது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழா, 1988 முதல் ஹியூபர்ட் பால்ஸ் நிதியத்தின் மூலம் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க இயக்குநர்களுக்கு உதவுகிறது. கோவையைக் களமாகக் கொண்ட அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ (2020) அந்த உதவி பெற்ற படம். மறு ஆண்டு பி.எஸ்.வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ அதே விழாவின் உயரிய டைகர் விருதை வென்றது. ஆனால் அந்தப் படம் தமிழ்ப் பார்வையாளர்களை அடைய 2023 அக்டோபர் வரை ஆயிற்று, அதுவும் ஓடிடியில். அவருடைய ‘கொட்டுக்காளி’ 2024-இல் திரையரங்குக்கு வந்ததற்கு, தயாரிப்பாளராக நடிகர் சிவகார்த்திகேயன் நின்றது முக்கியக் காரணம். நட்சத்திரத்தின் பெயர் இல்லாமல் கதவு திறக்காது என்றால், அதை மாற்று வழி என்று எப்படிச் சொல்வது?

கைப்பேசி இந்தக் குறையை நிரப்பிவிட்டது என்பாருண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தனியே பார்க்கும் படத்தைப் பற்றிப் பேச ஆள் இருப்பதில்லை. பேச்சு இல்லாத இடத்தில் ரசனையும் வளராது. பள்ளிக்கல்வித் துறை 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிட்டுவருவது இந்த வகையில் நல்ல தொடக்கம். பள்ளியை விட்டு வெளியே வந்தால் அந்தப் பிள்ளைகளுக்குத் தொடர்ச்சி இல்லை.

அந்தத் தொடர்ச்சிக்குப் பணம் திரட்ட ஒரு முன்மாதிரி உண்டு. பிரான்சில் ஒவ்வொரு சினிமா டிக்கெட்டிலும் ஒரு பங்கு தேசியத் திரைப்பட மையத்துக்குப் போகிறது. அது படத் தயாரிப்போடு, கலைப்படங்களைக் காட்டும் சிறிய அரங்குகளையும் தாங்குகிறது. நம் உள்ளாட்சிகளும் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி கேளிக்கை வரி வாங்குகின்றன. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் நகராட்சிகள் அந்த வரியில் ஒரு சிறு பகுதியை ஒதுக்கி, மாதம் ஒரு மாலை நூலகத்திலோ பள்ளி அரங்கிலோ இத்தகைய ஒரு படத்தைக் காட்டி, பிறகு உட்கார்ந்து பேச இடம் கொடுக்க வேண்டும். அதை வாசகர்களும் ஆசிரியர்களும் நகராட்சிகளிடம் கேட்டு வாங்க வேண்டும்.