கத்தி யாருடைய கையில்

ரோமுக்கு நாவிதர்கள் சிசிலியிலிருந்துதான் வந்தார்கள் என்று மூத்த பிளினி தன்னுடைய 'இயற்கை வரலாறு' ஏழாம் நூலில் எழுதியிருக்கிறார். வார்ரோவை ஆதாரம் காட்டி ஆண்டையும் தருகிறார். நம் கணக்கில் கி.மு. 300. அழைத்து வந்தவர் புப்லியஸ் டிட்டினியஸ் மேனா. அதற்கு முன் ரோமர்கள் மழிப்பதில்லை. நாள்தோறும் மழித்துக்கொண்ட முதல் ஆள் இளைய ஸ்கிப்பியோவாம்.

சிசிலியில் நாவிதர் கடைக்குச் 'சலோனே' என்று பெயர். இந்த இத்தாலியச் சொல் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்தில் ஏறி, யாழ்ப்பாணத்தில் 'சலூனாக' இறங்கியது. பழைய சலோனேக்களின் சுவரில் மாண்டலினும் கிற்றாரும் தொங்கும். ஆள் வராத நேரத்தில் நாவிதர்கள் வாசிப்பார்கள். இந்தத் தீவின் நடன இசையில் ஒரு பகுதி அந்தக் கடைகளில்தான் வளர்ந்தது. பல் பிடுங்கியதும் அட்டை விட்டு இரத்தம் எடுத்ததும் அதே கைகள். எங்கள் ஊரிலும் 'பரியாரி' என்றால் வைத்தியர், நாவிதரும் பரியாரிதான்.

இன்னொரு சொல்லும் உண்டு. இத்தாலியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் நம்மவருக்குக் 'குடிமகன்' என்பது பெருமையான சொல். பழைய அகராதிகளில் அதன் பொருள்களில் ஒன்று நாவிதன். யாழ்ப்பாணத்தில் குடிமகன் வீட்டுக்கு வருவார், முற்றத்தில் இருந்து மழிப்பார், அறுவடையில் நெல் வாங்குவார். கலியாணத்திலும் செத்தவீட்டிலும் அவருக்கென்று கடமைகள் இருந்தன. எந்த வீட்டுக்குப் போகலாம், எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்பதை அவர் தீர்மானிக்கவில்லை. ஊர் தீர்மானித்தது.

சவரத்தின் வரலாற்றைக் கருவிகளின் வரலாறாக எழுதுவது வழக்கம். 1903இல் கிங் கேம்ப் ஜில்லெட்டின் நிறுவனம் விற்றது 51 ரேசர், 168 பிளேட். முதலாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்குக் கொடுக்கப்பட்டவை சுமார் 35 இலட்சம் ரேசர்கள். ஜேக்கப் ஷிக்கின் மின்சார ரேசர் 1931இல் கடைக்கு வந்தது. பிலிப்ஸ் நிறுவனத்துக்காக அலெக்சாண்டர் ஹோரோவிட்ஸ் வடிவமைத்த சுழல்தலை ரேசர் வந்தது 1939இல். பிறகு வருவதெல்லாம் எது வழுவழுப்பாக மழிக்கிறது, எது தோலை எரிக்கிறது என்ற ஓயாத தர்க்கம். அந்தத் தர்க்கம் எனக்குச் சலிப்பு. கத்தியை யார் பிடிக்கிறார் என்பதல்லவா நம்மவருக்குப் பெரிய கேள்வியாக இருந்தது? பிளேட் வந்தபின் மனிதன் கண்ணாடி முன் நின்று தன் முகத்தைத் தானே மழித்தான். பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்துச் சலூன்கள் பலவற்றின் கதவு நெடுங்காலம் திறக்கவில்லை. அவர்களுக்கு அந்த மெல்லிய இரும்புத்தகடு வேறொரு பொருளாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

சலூனின் கதையும் அத்தோடு முடியவில்லை. முற்றத்தில் குந்தியிருந்து மழித்தவர் பட்டணத்தில் கடை திறந்தபோது, மற்றவர் அவரிடம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்ட வேண்டியதாயிற்று. கூலி காசாயிற்று. கஸ்தூரியார் வீதி ஜோசப் சலூனை இலக்கிய வாசகருக்குச் சொல்லத் தேவையில்லை. சாதி அவமானத்தால் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட டொமினிக் ஜீவா அங்கே முடி வெட்டினார், கதை எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கி நானூறு இதழ் வரை கொண்டுபோனார். இதழின் தொடக்க காலத்து அலுவலகமே அந்தச் சலூன்தான். அவர் தொழிலை மறைத்ததில்லை.

இனி ஒரேத்தோ. பலெர்மோ மத்திய ரயில் நிலையத்துப் பக்கமிருந்து ஆற்றை நோக்கிப் போகும் வீதி இது. எண்பதுகளிலிருந்து இந்த நகருக்கு வந்த ஈழத்தமிழரில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது வீட்டு வேலை. இப்போது பலர் வயோதிபரைப் பராமரிக்கிறார்கள். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சவரம் செய்வது எல்லாம் அதில் அடங்கும்.

மின்சார ரேசருக்கு இங்கே உண்மையான பயன் இருக்கிறது. அதன் வெட்டும் அலகு உலோகச் சல்லடைக்குள் ஓடுவதால் தோலில் நேராகப் படாது. வார்ஃபரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவருக்குச் சிறு வெட்டும் நிற்காமல் ஒழுகும். ஆகவே அவர்களுக்கு மின்சார ரேசரைத்தான் பரிந்துரைக்கிறார்கள். கைப்பழக்கம் பெரிதாக வேண்டாம். கிழவர்களுக்கோ அது பிடிப்பதில்லை. பன்றிமயிர்ப் பிரஷால் கிண்ணத்தில் நுரை எழ வேண்டும், யூக்கலிப்டஸ் மணக்க வேண்டும், சுடுதுவாய் வேண்டும். வெந்நீரில் ஊறிய மயிர் மெத்தென்று அறுபடும் என்பதும் உண்மைதான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் எட்டு வருடமாக ஓய்வுபெற்ற நோட்டரி ஒருவருக்கு மழிக்கிறார். கிழமை நாட்களில் மின்சாரம். ஞாயிறு பூசைக்குப் போகுமுன் பிரஷும் பிளேடும். வீட்டு வைத்தியர் சம்மதித்த பிறகுதான் தொட்டார். கன்னத்தைப் பெருவிரலால் இழுத்துப் பிடிப்பது, மயிர் சாயும் பக்கமாகவே கத்தியை விடுவது, கடைசியில் படிகாரக் கட்டி தடவுவது எல்லாம் பக்கத்துச் சலோனேயில் நின்று பார்த்துப் பழகினார். கை நடுங்காது. ஊரில் இவருடைய பாட்டனாருக்கு முற்றத்தில் குடிமகன் வந்துதான் மழித்தாராம். திண்ணைக்கு ஏற விடமாட்டார்கள்.

அம்மாவோடு கதைக்கும்போது அவர் தன் வேலையெல்லாம் சொல்வார். சமையல், மருந்து, ஐயாவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது. சவரத்தை மட்டும் இதுவரை சொல்லவில்லை.