பல்லைக் கெடுப்பது எது?



"புளோரைட் இல்லாத பேஸ்ட் வாங்கினால் பிள்ளைக்குச் சூத்தை வருமா சேர்?" என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். இரண்டு பழைய ஆய்வுகளைச் சொல்கிறேன்.

1970இல் நோர்வேயைச் சேர்ந்த பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவின் குழு, நமது நாட்டின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைப் பரிசோதித்தது. 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தது. அவர்களிடம் பல் துலக்கும் பழக்கம் இல்லை. பல்லெல்லாம் அழுக்கும் காரையும். ஆனாலும் சூத்தை அநேகமாக இல்லை. விழுந்த பற்கள் முரசு நோயால் விழுந்தவை.

தேயிலையில் இயற்கையாகவே புளோரைட் உண்டு, அதுதான் காத்ததோ என்று கேட்பீர்கள். 1942இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய ஹோப்வுட் சிறுவர் இல்லத்தைப் பாருங்கள். அங்கே தேநீர் இல்லை, தண்ணீரிலும் புளோரைட் மிகக் குறைவு. வெள்ளைச் சீனியும் வெள்ளை மாவும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டன. 13 வயதில் 53 சதவீதமானோருக்குச் சூத்தையே இல்லை. அரச பாடசாலைகளில் அது 0.4 சதவீதம். இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு அந்தப் பிள்ளைகளுக்கும் சூத்தை கூடியது.

வாயிலுள்ள பக்டீரியா சீனியை அமிலமாக்கும். அந்த அமிலம் பல்லை அரிக்கும். அடிக்கடி சாப்பிட்டால் அடிக்கடி அரிக்கும்.

வைத்தியர் சொன்ன பேஸ்ட்டை நிறுத்தாதீர்கள். முரசுக்கு பிரஷ்ஷோ மிஸ்வாக்கோ கட்டாயம் வேண்டும். ஆனால் இடைவேளைப் பெட்டியில் டொபிக்கும் கிரீம் பிஸ்கட்டுக்கும் பதில் அவித்த கடலை வையுங்கள். எந்தப் பேஸ்ட் வாங்கினாலும் முதல் வேலை அதுதான்.