லீ-என்ஃபீல்டு ரைஃபிள்

லீ-என்ஃபீல்டு, பிரித்தானியப் பேரரசின் படைகள் 1895 முதல் 1957 வரை முதன்மை ஆயுதமாக ஏந்திய போல்ட் வகை ரைஃபிள். 0.303 அங்குல (7.7 மி.மீ.) தோட்டாவைச் சுடுவதால், இந்தியாவில் காவலர்களும் என்.சி.சி. மாணவர்களும் இதை 'த்ரீ நாட் த்ரீ' என்றே அழைத்தனர். எல்லா வகைகளையும் சேர்த்து 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. போர்முனையிலிருந்து விலக்கப்பட்ட பின்னும் அணிவகுப்பிலும் இறுதி மரியாதையிலும் பல பத்தாண்டுகள் பணியாற்றியது.

தோற்றம்

பெயரின் முதல் பாதி ஜேம்ஸ் பாரிஸ் லீயைக் குறிக்கிறது. ஸ்காட்லாந்தில் 1831-இல் பிறந்து கனடாவில் வளர்ந்தவர் அவர். விசைக்கு முன்னால் பொருந்தும் தோட்டாப் பெட்டியும், பின்புறம் பூட்டிக்கொள்ளும் போல்ட்டும் அவருடைய வடிவமைப்பு. பின்பாதி, லண்டனுக்கு வடக்கே என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையின் ஊர்ப்பெயர்.

இதற்கு முந்தையது 1888-இல் ஏற்கப்பட்ட லீ-மெட்ஃபோர்டு. அதன் குழலுக்குள் இருந்த ஆழமற்ற வரிப்பள்ளங்கள் கரிமருந்துக்கு ஏற்றவை. புகை குறைந்த கார்டைட் மருந்து வந்ததும் அதன் கடும் வெப்பத்தில் அவை விரைவில் தேய்ந்தன. என்ஃபீல்டில் ஐந்து ஆழமான பள்ளங்களுடன் புதிய குழல் உருவாக்கப்பட்டது. லீயின் போல்ட்டும் அந்தக் குழலும் இணைந்ததே லீ-என்ஃபீல்டு. காலாட்படைக்கு நீண்டது, குதிரைப்படைக்குக் குட்டையானது என்ற வேறுபாட்டை நீக்கி, இருவருக்கும் பொதுவான குறுகிய வடிவம் அடுத்து வந்தது. அதன் 1907-ஆம் ஆண்டு மூன்றாம் வகையே மிகவும் புகழ்பெற்றது.

அமைப்பும் இயக்கமும்

மூன்றாம் வகை சுமார் 113 செ.மீ. நீளமும் 4 கிலோ எடையும் கொண்டது. குழலின் நுனி வரை மரம் போர்த்தியிருக்கும். 43 செ.மீ. அலகுள்ள பயனெட்டைப் பொருத்தினால் நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டும்.

போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். முன்னுக்குத் தள்ளிக் கீழே மடக்கினால் அடுத்த தோட்டா குழலில் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். அக்காலத்து ஜெர்மானிய மௌசர் ரைஃபிளில் கைப்பிடியைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். இதில் அதைவிடக் குறைவு. கைப்பிடி விசைக்கு மிக அருகில் இருப்பதால், குறியிலிருந்து கண்ணை எடுக்காமலே மறுதோட்டாவை ஏற்ற முடிந்தது. பெட்டி 10 தோட்டாக்கள் கொள்ளும்; மௌசரில் ஐந்துதான்.

போர்க்களத்தில்

முதல் உலகப் போருக்கு முன் பிரித்தானியப் படைவீரருக்கு நிமிடத்துக்கு 15 குண்டுகளைக் குறிபார்த்துச் சுடும் பயிற்சி இருந்தது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் மான்ஸ் நகரருகே ஜெர்மானியப் படைகளை எதிர்கொண்டது இந்த வேகமே. எதிரே இயந்திரத் துப்பாக்கிகள் இருப்பதாக ஜெர்மானியர் எண்ணினர் எனப் போர் வரலாறுகள் பல கூறுகின்றன. உற்பத்தியை எளிதாக்கிய நான்காம் வகை இரண்டாம் உலகப் போரில் வந்தது.

இதன் வரலாற்றில் ஆறாத பக்கமும் உண்டு. 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸின் ஜாலியன்வாலா பாக்கில், ஜெனரல் டயரின் கட்டளைப்படி 50 வீரர்கள் சுமார் பத்து நிமிடம் சுட்ட 1,650 குண்டுகள் லீ-என்ஃபீல்டிலிருந்து பாய்ந்தவை. பிரித்தானிய அரசே ஒப்புக்கொண்ட உயிரிழப்பு 379; இந்தியத் தரப்பின் கணக்கு அதைவிட மிக அதிகம். வேகத்துக்காகப் போற்றப்பட்ட பொறி, தப்ப வழியற்ற மக்கள்மேல் திரும்பியபோது நேர்ந்தது அது.

இந்தியாவில்

கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையிலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதைத் தயாரித்தது. 1962 சீனப் போரில் இந்தியத் தரைப்படை தானியங்கி ஆயுதங்களுக்கு எதிராக இதை ஏந்தியே நின்றது. அதன்பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றிய வகையை இச்சாப்பூர் உருவாக்கியது. படையினர் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். ரைஃபிளுக்கு மாறினர், பழையவை காவல்துறைகளில் தொடர்ந்தன. 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்தில் தாக்குதல் நடந்தபோது அங்கிருந்த காவலர்களில் சிலர் கையில் இருந்தது த்ரீ நாட் த்ரீதான்.

அணிவகுப்பில்

போருக்குப் பழமையாகிப் போன அதே தன்மைகள் அணிவகுப்புக்குப் பொருந்தின. இடதுதோளில் சாய்த்து ஏந்தும் பழைய முறைக்குப் பிடி துருத்தாத அடிக்கட்டை வேண்டும். தனிப் பிடி துருத்திக்கொண்டிருந்த எஸ்.எல்.ஆர். வந்ததும் பிரித்தானியப் படை அம்முறையைக் கைவிட்டு, உடலை ஒட்டிச் செங்குத்தாகப் பிடிக்கும் முறைக்கு மாறியது. நீண்ட மரக்கட்டையில் கை படும் ஓசையும், வரிசையாக மின்னும் பயனெட்டும் லீ-என்ஃபீல்டு அணிக்குத் தனி அழகு சேர்த்தன.

இறுதி மரியாதையில் வேறொரு காரணமும் உண்டு. அங்கே சுடப்படுவது குண்டில்லாத வெற்றுத் தோட்டா. தானியங்கி ரைஃபிள்கள் பலவற்றில் அதன் அழுத்தம் அடுத்த தோட்டாவை ஏற்றப் போதாது. தனிக் கருவி பொருத்த வேண்டும். கையால் இயக்கும் போல்ட்டுக்கு அத்தேவை இல்லை. ஒவ்வொரு முழக்கத்துக்கும் நடுவே எல்லாக் கைகளும் ஒன்றாகப் போல்ட்டை இழுக்கும் ஓசை அந்த அமைதியில் தெளிவாகக் கேட்கும். இந்திய அணிகளில் 'சலாமி சஸ்த்ர' கட்டளையில் உடலுக்கு முன் நிமிரும் ரைஃபிள், 'சோக் சஸ்த்ர' என்றதும் குழல் தரை நோக்கத் தலைகீழாகும். இரண்டு நிலையிலுமே சுட முடியாது. மரியாதையின் பொருளே அதுதான்.

மாணவர் பயிற்சிக்கெனச் சுட இயலாதபடி மாற்றப்பட்ட ரைஃபிள்களில் 'டி.பி.' (டிரில் பர்பஸ், அணிப்பயிற்சிக்கு மட்டும்) என முத்திரையிடப்பட்டது. பிரித்தானியாவில் நான்காம் வகையின் குழலையும் உடற்பகுதியையும் வெட்டி, மீண்டும் சுடவே முடியாதபடி செய்து மாணவர் படைகளுக்கு அளித்தனர்.

விடைபெறல்

உத்தரப்பிரதேசக் காவல்துறை 2020 ஜனவரி 26 குடியரசு நாள் அணிவகுப்பில் கடைசியாக ஏந்தி இதற்கு விடைகொடுத்தது. ஆயுதங்களை ஓசையின்றிக் கழித்துக்கட்டுவதே வழக்கம். தலைமுறை தலைமுறையாகக் காவலர் தோளில் கிடந்த த்ரீ நாட் த்ரீயோ, அணிவகுத்து நடந்தே விடைபெற்றது.