பூட்டப்பட்ட வால்வு

நீராவி யுகத்தின் வரலாற்றை எழுதியோர் எஞ்சினைப் பற்றியே மிகுதியும் பேசினர். கொதிகலத்தின் மேல் அமர்ந்திருந்த சிறியதோர் அடைப்பை அவர்கள் அதிகம் பொருட்படுத்தினாரல்லர். ஆயின் உடைமையாளன் தொழிலாளியை எவ்வாறு நோக்கினான் என்பதை அறிய அவ்வடைப்பே நல்ல சான்றாகும்.

பிரெஞ்சு நாட்டவரான டெனிஸ் பப்பின் 1679இல் இலண்டனில் எலும்பையும் மென்மையாக்கும் மூடிய பாத்திரமொன்றை அறிமுகப்படுத்தினார். அது வெடியாதிருக்க அவர் கையாண்ட உபாயம் எளிதானது. துவாரத்தை மூடும் அடைப்பின் மேல் ஒரு நெம்புகோல்; அதன் நுனியில் ஒரு நிறை. உள்ளே அமுக்கம் மிகும்போது அடைப்பு எழுந்து ஆவியை வெளியேற்றும்; தணிந்ததும் மீண்டும் அமரும். இதுவே பாதுகாப்பு வால்வு. எனினும் நிறையைக் கூட்டவோ நெம்புகோலைக் கட்டிவைக்கவோ எவராலும் இயலும் என்பது அதன் குறைபாடாகும்.

1803இல் இலண்டனையடுத்த கிறீனிச்சில், றிச்சேட் திரெவிதிக் அமைத்த உயர் அமுக்க எஞ்சினின் கொதிகலம் வெடித்து நால்வர் மாண்டனர். எஞ்சினைக் கவனிக்க வேண்டிய சிறுவன், பொறுப்பை வேறொரு கூலியாளிடம் விட்டுவிட்டு விலாங்கு பிடிக்கச் சென்றிருந்தான். எஞ்சின் மிகை வேகத்தில் ஓடக் கண்ட அக்கூலியாள் அதை நிறுத்தினான். வால்வின் நெம்புகோலை அழுத்திப் பிடித்திருந்த ஸ்பனரை அகற்றினானில்லை. இவ்விளக்கத்தைத் தந்தவர் எஞ்சினைச் செய்த திரெவிதிக்கே என்பது ஈண்டு நோக்கற்பாலது. ஒரு சிறுவனிடம் அத்தகைய பொறியை ஒப்படைத்தது யார் என்னும் வினாவுக்கு அதில் விடையில்லை. உயர் அமுக்கத்தை எதிர்த்துவந்த போல்ற்றன், வாட் தரப்பினர் இவ்விபத்தைப் பெரிதுபடுத்தினர் எனவும் அவர் குறைகூறினார். எவ்வாறாயினும், அதன்பின் அவர் கொதிகலத்துக்கு இரு வால்வுகளை அமைத்தார். அவற்றுளொன்று தொழிலாளியின் கைக்கு எட்டாதது. நீர்மட்டம் தாழ்ந்து சூடேறின் உருகி வழிவிடும் ஈயச் செருகியையும் சேர்த்தார்.

அமெரிக்காவின் தென் கரோலைனாவிலும் 1831இல் ஒரு புகையிரத எஞ்சின் வெடித்தது. ஆவி சீறும் ஒலியைப் பொறாத தீமூட்டுநர் வால்வை அழுத்திக் கட்டியதே காரணம் எனக் கூறப்படுகின்றது. அவரும் உயிரிழந்தார்.

1855இல் ஜோன் றம்ஸ்பொட்டம் கண்ட தீர்வு நுட்பமானது. இரு வால்வுகளை ஒரே நெம்புகோலால் இணைத்து, நடுவே ஒரு சுருளி வில்லை அமைத்தார். நெம்புகோலின் நுனியை எவரேனும் அழுத்தினால் ஒரு வால்வு இறுகும், மற்றையது திறந்துகொள்ளும். அறிவுரையும் தண்டனையும் செய்யமாட்டாததை ஓர் அமைப்பு செய்தது. அதற்காகத் தொழிலாளியைச் சந்தேகத்துக்குரியவனாகவே அது கருதியது என்பதும் உண்மையே.

உடைமையாளன் பக்கம் சட்டம் திரும்பச் சற்றுக் காலம் சென்றது. பிரித்தானியாவில் 1882ஆம் ஆண்டுக் கொதிகல வெடிப்புச் சட்டத்தின்படி, வெடிப்பு நிகழ்ந்தால் கொதிகலத்தின் உடைமையாளரோ அதனைப் பாவிப்பவரோ 24 மணி நேரத்துள் வர்த்தகச் சபைக்கு அறிவித்தல் கட்டாயமாயிற்று.